பிந்தி அறிந்த நோயின் கிரயம்



ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கூரையில் ஓர் ஓடு விலகியிருப்பதை ஐப்பசி மழைக்கு முன்னே கண்டவன் அந்த ஓர் ஓட்டின் விலையோடு தப்பித்துக் கொள்வான். கார்த்திகையில் சுவர் ஊறி, கைமரம் உளுத்து, படுக்கையின் மேல் நீர் சொட்டும்போது கண்டவனோ ஓட்டையும் மாற்ற வேண்டும், மரத்தையும் மாற்ற வேண்டும், சுவரையும் பூச வேண்டும். விலகியது அதே ஓடுதான். கண்ட காலம்தான் வேறு.

இவ்வாரப் பாடம் எச்.ஐ.வி. என்னும் கிருமியைப் பற்றியது. அதிலும், அக்கிருமி சரீரத்தில் இருப்பதைக் காலம் தாழ்த்தி அறிவதால் ஒரு குடும்பம் கொடுக்கும் விலையைப் பற்றியது. கோயில் பத்திரிகையில் இதுவா என்று முகம் சுளிப்பவர் சிலர் இருக்கலாம். வின்சென்ட் தே பால் சபையார் வீடு வீடாய்ப் போகும்போது, நகைகள் அடகுக் கடைக்குப் போன கதையைக் கேட்கிறார்களே, அக்கதைகளில் சிலவற்றுக்கு அடியில் கிடப்பது இவ்விஷயமே. ஆகையால் முகம் சுளிக்காமல் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் இரண்டு பெயர்களைப் பிரித்துக் கொள்வோம். எச்.ஐ.வி. என்பது கிருமி. எய்ட்ஸ் என்பது, அக்கிருமி பல ஆண்டுகள் தடுப்பாரின்றி வேலை செய்து சரீரத்தின் காவலை அழித்த பிறகு வரும் நிலை. நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்களில் ஒரு வகை உண்டு. வைத்தியர்கள் அவற்றை சி.டி.4 அணுக்கள் என்பர். படைக்குத் தளபதி எப்படியோ, சரீரக் காவலுக்கு இவை அப்படி. சுகமுள்ள ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1500 வரை இவை இருக்கும். எச்.ஐ.வி. குடியேறுவது இந்தத் தளபதிகளுக்குள்ளேதான். எண்ணிக்கை 350-க்குக் கீழே போன பின் நோயை அறிந்தால் அது பிந்தி அறிந்தது என்று கணக்கு. 200-க்குக் கீழே போய்விட்டால் முற்றிய நிலை.

இதில் பெரிய வஞ்சகம் ஒன்று உண்டு. கிருமி புகுந்த சில வாரங்களில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். அதற்குப் பிறகு சராசரியாக எட்டு முதல் பத்து ஆண்டு வரை மனிதன் உண்பான், உழைப்பான், திருவிழாவில் தேர் இழுப்பான். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாடி பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. இரத்தச் சோதனை ஒன்றே வழி.

இக்கிருமியின் சரித்திரத்தில் நம் மண்ணுக்கு ஒரு பங்கு இருப்பதைப் பலர் அறியார். 1981-ல் அமெரிக்காவில் முதன்முதலாக இந்நோய் கண்டு எழுதப்பட்டது. 1983-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி அம்மையாரும் லூக் மொந்தாஞியே அவர்களும் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 2008-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் அந்நாளில் பெரியோர் பலர், "இது மேல்நாட்டார் வியாதி, நமக்கு வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமோன் அம்மையார் அப்படி நினைக்கவில்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இரத்தம் சேகரித்துச் சோதிக்கச் சொன்னார். அம்மாணவி சேகரித்த இரத்தத்தின் தெளிநீரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தி, 1986 பெப்ருவரியில் கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடிக்குப் போய், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். ஆறு பேருடையதில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டவர்கள் இவர்களே. குளிர்பெட்டியில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அந்தக் குப்பிகள் இருந்திருக்கும் என்று எண்ணும்போது நமக்கு ஆச்சரியமாயிருக்கிறது! சுனிதி அம்மையார் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 2015-ல் காலமாகும் வரையில் இந்நோயாளிகளுக்கே உழைத்தார்.

இனி நம் கணக்குக்கு வருவோம்.

கற்பனையாக ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். எந்த வீட்டையும் குறித்து இதை எழுதவில்லை. வாசிக்கும் எவரும் பக்கத்து வீட்டுச் சன்னலை நோக்க வேண்டாம். குடும்பத் தலைவருக்கு வயது 38. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லாரி ஓட்டுகிறார். நாள் கூலி 700 ரூபாய். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. கிருமி அவருக்குள் புகுந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எப்படிப் புகுந்தது என்பது இப்பாடத்துக்கு வேண்டாம்.

ஆறாம் ஆண்டில் அவருக்கு மார்பின் ஒரு பக்கம் அக்கி வருகிறது. அக்கி எழுதிவிட்டு வேலைக்குப் போகிறார். வயதானவர்க்கு வருகிற அக்கி முப்பதைந்து வயதுக்காரருக்கு ஏன் வந்தது என்று கேட்பாரில்லை. அடுத்த ஆண்டு வாயில் வெள்ளைப் படை படர்கிறது. வயிற்றுச் சூடு என்கிறார்கள். அப்புறம் ஒரு மாதமாக நிற்காத பேதி. எடை பன்னிரண்டு கிலோ குறைகிறது. "சர்க்கரையாயிருக்கும்" என்கிறார் ஒருவர். சர்க்கரை பார்க்கிறார்கள், இல்லை. இருமல் வருகிறது, சளிச் சோதனையில் க்ஷயம் இல்லை என்று வருகிறது. (எச்.ஐ.வி. முற்றினவர்களுக்கு க்ஷயம் இருந்தும் சளியில் கிருமி அகப்படாமற் போவது உண்டு.) மூன்று வைத்தியரிடம் மாறி மாறிப் போகிறார். ஒவ்வொருவரும் தம்மிடம் வந்த உபாதைக்கு மட்டும் மருந்து எழுதுகிறார்கள். கடைசியில் தலைவலி, வாந்தி. கண்ணாடி மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரு நாள் விடியற்காலையில் பேச்சுக் குழறி நினைவு தப்புகிறது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் ஒருவகைப் பூஞ்சை. அங்கேதான், எட்டு ஆண்டுக்குப் பிறகு, முதன்முறையாக எச்.ஐ.வி. சோதனை செய்யப்படுகிறது. சி.டி.4 எண்ணிக்கை நாற்பது.

பணத்தை எண்ணுவோம். இத்தொகைகள் மாதிரிக்காக நாம் இட்டவை; கூடக்குறைய இருக்கலாம். பதினான்கு மாதத்தில் வேலைக்குப் போகாத நாள் 150. கூலி நட்டம் 1,05,000 ரூபாய். வைத்தியரிடம் போன தடவை இருபது. தடவைக்கு மருந்தோடு 600 வீதம் 12,000. பலவிதச் சோதனைகளும் படங்களும் 18,000. கடைசியாகத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், 85,000. ஆக மொத்தம் 2,20,000 ரூபாய். அடகுக் கடை வட்டியையும், மகளுக்கென்று வைத்திருந்த சங்கிலியையும் இதில் சேர்க்கவில்லை.

இதே மனிதர் முதல் ஆண்டிலேயே அறிந்திருந்தால் செலவு என்ன? சோதனை இலவசம். கூட்டு மருந்தும் அரசாங்கத்தில் இலவசம். மருந்து வாங்க மாதம் ஒரு நாள் கூலி போயிற்று என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 8,400 ரூபாய். எட்டு ஆண்டுக்கு 67,200. முன் சொன்ன பதினான்கு மாதச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த எட்டு ஆண்டும் அவர் லாரி ஓட்டிக் கொண்டிருந்திருப்பார் என்பதையும் மறக்கலாகாது.

இது நம் கற்பனைக் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. 2006-ல் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் குழு தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் இக்குடும்பங்களை ஆராய்ந்து, வருமானம் குறைவதையும் வைத்தியச் செலவு பெருகுவதையும் கடன் ஏறுவதையும் எழுதி வைத்திருக்கிறது.

பணத்துக்கு மேற்பட்ட செலவு ஒன்று உண்டு. அதை எந்த அடகுக் கடையிலும் மீட்க இயலாது.

காவல் அழிந்த சரீரத்தில் ஒருவகைக் கிருமி கண்ணின் உட்படலத்தைத் தின்றுவிடும். போன பார்வை மருந்தினால் திரும்பாது. மூளைச் சவ்வில் பூஞ்சை கண்டவருக்கு எச்.ஐ.வி. மருந்தை உடனே கொடுக்கவும் முடியாது. முதலில் பூஞ்சைக்கு மருந்து கொடுத்து, நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்துத்தான் தொடங்க வேண்டும். காரணம் விசித்திரமானது. செத்துக் கிடந்த காவற்படை மருந்தினால் திடீரென்று எழுந்து, உள்ளே ஒளிந்திருக்கும் கிருமிகளைக் கண்டு மூர்க்கமாய்ப் போரிடும்; அந்தப் போரே நோயாளியைக் கொன்றுவிடக்கூடும். க்ஷயத்தோடு வருகிறவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு. முன்னமே வந்திருந்தால் ஒரு மாத்திரையோடு போயிருக்கும் காரியம், பிந்தி வந்ததால் கத்திமேல் நடப்பதாகிறது.

மனைவியை எண்ணிப் பாருங்கள். அந்த எட்டு ஆண்டில் அவளுக்கும் தொற்றியிருக்கலாம். கணவர் அறிந்து மருந்து உண்டிருந்தால் தொற்றியிராது. இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை ஒன்பது தேசங்களில் கவனித்தார்கள். சென்னையும் பூனாவும் அவற்றில் சேர்ந்த இடங்கள். உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது. இரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்கு மருந்து அதை அடக்கி வைத்திருக்கும் வரையில், தாம்பத்திய உறவினால் அது தொற்றுவதில்லை என்று இப்போது உறுதிப்பட்டிருக்கிறது. ஆகவே பிந்தி அறிவதன் செலவை ஒருவர் மட்டும் செலுத்துவதில்லை. அறியாத ஒருத்தியின் பேரிலும் பற்று எழுதப்படுகிறது.

ஏன் பிந்துகிறார்கள்? வெட்கம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வெட்கம் உண்மைதான், ஆனால் வேறு ஒரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய நினைவு! 1996 வரையில் இந்நோயை அடக்கும் கூட்டு மருந்தே கிடையாது. கண்டுபிடித்த பின்னும் ஓர் ஆண்டு மருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. நம்மில் யார் வாங்குவது? 2001-ல் பம்பாயிலுள்ள சிப்ளா கம்பெனி ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொல்லி உலகத்தையே திடுக்கிட வைத்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி இந்திய அரசு இலவச மருந்தைத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி முதல் இடங்களில் ஒன்று. அப்போதும் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே வந்தவர்க்கே முக்கியமாய் மருந்து. "இப்போது வேண்டாம், குறைந்த பின் வாருங்கள்" என்று அனுப்பப்பட்டவர்கள் உண்டு. முன்னதாகச் சோதித்து என்ன பயன் என்று அன்று மக்கள் நினைத்ததில் நியாயமில்லாமலும் இல்லை.

அந்த நியாயம் இப்போது செல்லாது. 2015-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி, காத்திராமல் தொடங்கினவர்களுக்குக் கடுமையான நோயும் மரணமும் பாதிக்கு மேல் குறைவதைக் காட்டிற்று. 2017 முதல் இந்தியாவில் எண்ணிக்கை எதுவாயிருந்தாலும், நோய் தெரிந்தவுடன் மருந்து. மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. 2023-ல் உலக நிதியம் அதை ஆளுக்கு ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைந்த விலையில் வாங்குவதாக அறிவித்தது. அரசாங்கக் கணக்கில் பார்த்தாலும், முற்றிய நோயாளி ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் சில நாள் செலவில், வேறு பலருக்கு ஆண்டு முழுதும் மருந்து கொடுத்துவிடலாம். இளமையில் தொடங்கி ஒழுங்காய் உண்பவர் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுசும் வாழலாம் என்கிறார்கள். கிருமி ஒன்றே. மனிதர் நினைவில்தான் அது இன்னும் 1995-ஆம் ஆண்டாயிருக்கிறது.

வெட்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டன்மார் க்ஷயரோகத்தின் பெயரைக் கூட உரக்கச் சொல்லமாட்டார்கள்; பெண் கொடுக்கமாட்டார்கள்; கோரிமேட்டுப் பக்கம் போனால் யாராவது கண்டுவிடுவார்களோ என்று பயந்து பிந்திப் போய்ச் செத்தவர் எத்தனை பேர்! மருந்து வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த வெட்கம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. எச்.ஐ.வி.க்கும் மருந்து வந்து ஆண்டுகள் பல ஆயின. வெட்கம் மட்டும் தணியவில்லை. அதற்கு வெளியார் மட்டும் காரணமல்ல. பூசை முடிந்து வாசலில் நின்று பேசும் நாமும் காரணம். சமாதான வாழ்த்துக்குக் கை கொடுப்பதாலும், தீர்த்தத் தொட்டியில் விரல் நனைப்பதாலும், ஒரே பந்தியில் உண்பதாலும், கொசு கடிப்பதாலும் இது தொற்றாது. இதை எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். படித்தும், ஒரு வீட்டில் இந்நோய் என்று கேள்விப்பட்டால் அவ்வீட்டுக் கலியாணத்தில் கை நனைக்கத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தைக் கண்டு மற்றொருவன் சோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறான்.

படிப்பு வட்டத்தில் கேட்கப்படும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

நான் ஒழுங்காய் வாழ்கிறவள். எனக்கு எதற்குச் சோதனை?

ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தார் 2000-ஆம் ஆண்டில் தம்மிடம் வந்த பெண் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டு மனைவிகள்; பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் தம் கணவர் ஒருவரையன்றி வேறொருவரை அறியாதவர்கள். சோதனை குணத்தை அளப்பதில்லை, இரத்தத்தை மட்டுமே பார்க்கிறது. கருவுற்ற தாய்மாருக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இச்சோதனை செய்யப்படுவதால் அநேகம் குடும்பங்களில் அவ்வழியாகவே முதலில் தெரிய வருகிறது. மருந்தில்லாவிட்டால் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றும். மருந்து உண்டால் ஐந்துக்கும் கீழே குறைத்துவிடலாம்.

எங்கே போவது? ஊருக்குத் தெரிந்துவிடாதா?

ஜிப்மரிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஐ.சி.டி.சி. என்று பலகை போட்ட ஆலோசனை மற்றும் சோதனை நிலையம் உண்டு. தமிழ்நாட்டில் இதை நம்பிக்கை மையம் என்பார்கள். முதலில் ஆலோசகர் தனியறையில் பேசுவார். உங்கள் சம்மதமின்றிச் சோதிக்கவும், முடிவைப் பிறருக்குச் சொல்லவும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அது 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அனுப்புவதும், வைத்தியம் மறுப்பதும் அதே சட்டம் தடை செய்கிற பாரபட்சம். பக்கத்து ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் இருப்பாரோ என்று கூச்சமானால் விழுப்புரத்துக்கோ கடலூருக்கோ போங்கள், எங்கும் இலவசமே.

எந்த அடையாளம் கண்டால் தாமதிக்கலாகாது?

இளவயதில் அக்கி, வாயில் வெள்ளைப் படை, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காய்ச்சல் அல்லது பேதி, காரணம் தெரியாத மெலிவு, க்ஷயம். க்ஷயம் என்று தெரிந்த ஒவ்வொருவருக்கும் எச்.ஐ.வி. சோதனையும் செய்ய வேண்டும் என்பது அரசு விதி. வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். "ஐயா, எச்.ஐ.வி.யும் ஒரு தடவை பார்த்துவிடலாமா?" என்று நோயாளி கேட்டால் வைத்தியருக்குச் சங்கடம் தீரும், பல வைத்தியர்கள், நோயாளி தவறாக எடுத்துக் கொள்வாரோ என்று அஞ்சியே கேட்காதிருக்கிறார்கள். ஆனால் அடையாளம் வரட்டும் என்று காத்திருப்பது ஓடு விலகிய வீட்டுக்காரன் மழைக்குக் காத்திருப்பதைப் போன்றதே. சந்தேகத்துக்கு இடமிருந்தால் சுகமாயிருக்கும்போதே போக வேண்டும்.

இல்லை என்று வந்தால் நிச்சயமா?

கிருமி புகுந்த முதல் வாரங்களில் சோதனைக்கு அகப்படாது. சந்தேகமான சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ளாயிருந்தால், தொற்றாமல் தடுக்கவே மருந்து உண்டு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உண்டு என்று வந்தால்?

ஒரு சோதனையோடு முடிவு சொல்லமாட்டார்கள். மூன்று வேறுவிதச் சோதனைகளால் உறுதி செய்வார்கள். பிறகு கூட்டு மருந்து மையத்தில் பெயர் பதிவு, சி.டி.4 எண்ணிக்கை, க்ஷயம் இருக்கிறதா என்ற பரிசோதனை. வேறு பெரிய நோய் இல்லாவிட்டால் சில நாட்களுக்குள் மாத்திரை தொடங்கும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போவது நல்லது. பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டுமா என்று அங்கேயே சொல்வார்கள். நேரில் போகுமுன் யாரிடமாவது கேட்டுத் தெளிய விரும்புகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். காசு இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே பேசலாம்.